ரங்கூனுக்குப் போன கலர் படம்

சகோதரிகளே, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். நான் அந்த ஜன்னலைப் பாத்துக்கிட்டுப் பேசறேன்னு யாரும் கோச்சுக்காதீங்க. உங்களை நேரா பாத்தா, உங்க முகம் இருக்கற எடத்துல புகை பிடிச்ச மாதிரி ஒரு கறைதான் நிக்குது. ஜன்னலைப் பாத்தாத்தான் ஓரத்துல நீங்க தெரியறீங்க. கோழி தலையைச் சாய்ச்சுப் பாக்குமே, அப்படித்தான் என் பொழப்பு ஆயிடுச்சு. இதுக்குப் போய் ஜெபக் கூட்டத்துல ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்ல வந்திருக்கியான்னு கேப்பீங்க. ஆமா, அதுக்குத்தான் வந்திருக்கேன்.

என் பேரு மார்த்தாள். எங்க வீட்டுக்காரர் யேசடியான், பாலாத்துக்கு அந்தாண்ட தோல் பதம் பண்ற ஷாப்புல வேலை. நான் போட்டோவுக்குக் கலர் போடறவ. மிஷன் பள்ளிக்கூடத்துல வெள்ளைக்கார அம்மா ஒருத்தங்க பூ வரையவும் கலர் கலக்கவும் சொல்லிக் குடுத்தாங்க. அது சோறு போடும்னு அப்ப தெரியாது. வேலூர்ல ஸ்டூடியோ வெச்ச கரீம் பாய்தான் என் கையைக் கண்டுபிடிச்சவரு. ஆம்பூர்ல பெரிய தோல் வியாபாரக் குடும்பம் அவருது. அந்த நாத்தம் எனக்கு ஆவாதுன்னு அண்ணன் தம்பிகளோட சண்டை போட்டு, கேமராவைத் தூக்கிட்டு வந்த மனுஷன்.

அவரு எடுக்கற படம் கறுப்பு வெள்ளையா என் வீட்டுக்கு வரும். நான் குச்சியில பஞ்சைச் சுத்தி, மொதல்ல முகத்துக்கு, அப்பறம் உதட்டுக்கு, சேலைக்கு, நகைக்குன்னு லேசா கலர் ஏத்துவேன். உள்ளங்கை அளவு படத்துல ஒரு மூக்குத்தி எள்ளுல பாதி இருக்கும். அதுக்கும் கலர் வெப்பேன். எனக்கு அதுல ஜாஸ்தி கர்வம். இந்த ஜில்லாவுல என்னைப் போல யாரு இருக்காங்கன்னு வாய்விட்டே சொல்லியிருக்கேன். சொன்ன வாய் இதுதான்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்துல ஒரு குழந்தை படம் வந்தது. பாத்தா ஒரு கண்ணு இல்ல. "இன்னா பாய், புள்ளைக்கு ஒத்தைக் கண்ணா? படம் கழுவத் தெரியலன்னா கடையைச் சாத்துங்க"ன்னு கத்தினேன். அவரு படத்தை வாங்கிப் பாத்துட்டு, "ரெண்டு கண்ணும் நல்லாத்தானே இருக்கு மார்த்தாம்மா?"ன்னாரு. நான் மறுபடி பாத்தேன். இப்ப அந்தக் கண்ணு இருக்கு, இன்னொரு கண்ணு இல்ல. ஏதோ வெளிச்சம் சரியில்லன்னு சொல்லி மழுப்பிட்டேன்.

தனியா ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா விளக்கடிச்சு ரொம்ப நேரம் பாத்தாங்க. கண்ணாடி போட்டா சரியாவுமான்னு கேட்டேன், ஆவாதுன்னாங்க. ஆபரேஷன்? அதுவும் இல்ல. "பார்வையில நடு எடம் போய்க்கிட்டே இருக்கு மார்த்தாள். ஓரம் நிக்கும், முழுக்க இருட்டாவாதுன்னு நம்பறேன்"ன்னாங்க. ஓரத்தை வெச்சுக்கிட்டு நான் இன்னா செய்யட்டும்னு கேட்டேன். பாவம், அவங்க பதில் சொல்றதுக்குள்ள எழுந்து வந்துட்டேன். வீட்டுக்காரர் கிட்ட, அடுப்புப் புகை பட்ட கண்ணு, சொட்டு மருந்து குடுத்தாங்கன்னு சொன்னேன். அதுதான் மொதல் பொய்.

அன்னிக்கு நான் பண்ணின ஜெபத்தை மறைக்காம சொல்றேன். "ஆண்டவரே, என் கண்ணைத் திருப்பிக் குடும். குடுக்க மாட்டீர்னா, என் வேலையையாவது எடுத்துடாதேயும். யாருக்கும் தெரியாமலும் பாத்துக்கும்." தினமும் காலையில இதையேதான் கேட்டேன். அழுதுக்கிட்டே கேட்டேன். கோவத்துலயும் கேட்டிருக்கேன்.

ரெண்டு வருஷம் ஓட்டினேன். எப்படின்னா, கைப்பழக்கத்துல. கலர் கிண்ணத்தை வரிசை மாத்தாம வெச்சேன். மேல் விளிம்புல இருந்து கட்டைவிரல் அளவுல நெத்தி, அதுக்குக் கீழே இத்தனை அளவுல உதடுன்னு கணக்கு. பாய் எல்லாரையும் ஒரே நாற்காலியில, ஒரே எடத்துல உக்கார வெப்பாரு. அதுவும் எனக்குத் தோது. அவரு கையெழுத்து அவருக்கே புரியாது, அதனால இது பச்சைச் சேலை, இது அரக்குன்னு வாயாலயே சொல்லிட்டுப் போவாரு. ஒரு தடவை குழந்தையோட வெள்ளிக் கொலுசுக்குத் தங்கக் கலர் போட்டுட்டேன். அவங்க சந்தோஷப்பட்டாங்க. ஒரு குமாஸ்தாவுக்குக் கன்னத்துல செவப்பு ஜாஸ்தியாப் போய் கூத்துக்காரன் மாதிரி ஆயிட்டாரு. அவரு அதைவிட சந்தோஷப்பட்டாரு. நான் ஜெபம் கேக்கப்படுதுன்னு நெனச்சுக்கிட்டேன்.

அறுப்புப் பண்டிகை முடிஞ்ச வாரம் பாய் ரெண்டு படம் கொண்டாந்தாரு. "மேல இருக்கறது அணைக்கட்டு ஊருக்காரம்மா, கன்னியம்மான்னு. புருஷன் இல்லாதவங்க. வெள்ளைச் சேலை, நெத்தி வெறும் நெத்தி. முகத்துக்கு மட்டும் லேசா கலர் போடு. கீழே இருக்கறது ஆம்பூர் மேஸ்திரி சம்சாரம். வெளிர் பச்சைச் சேலை, ஜரிகை, பொட்டு, தாலி, எல்லாம் பளிச்சுனு வேணும்"ன்னு சொல்லிட்டு, ஆம்பூர்ல அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குக் கெளம்பிட்டாரு.

நான் சோறு பொங்குதுன்னு எழுந்தேன். முந்தானை பட்டு ரெண்டு படமும் கீழே விழுந்துச்சு. எடுத்தேன். எது மேல, எது கீழ? ரெண்டும் ஒரே நாற்காலி, ஒரே மாதிரி உக்காந்த பொம்பளை; வெளிர் பச்சையும் போட்டோவுல வெள்ளை மாதிரிதான் விழும். சாய்ச்சுப் பாத்தேன், தள்ளி வெச்சுப் பாத்தேன். நெத்தி இருக்கற எடத்துல கறைதான் இருக்கு. பக்கத்து வீட்டுல ஒரு குரல் குடுத்திருந்தா முடிஞ்சிருக்கும். ஆனா "ஏன், உனக்குத் தெரியலயா?"ன்னு கேப்பாங்களே!

நம்ம ஜனங்க எதுக்கெடுத்தாலும் ஜெபம் பண்ணிச் சீட்டுப் போடறோம். புள்ளைக்குப் பேரு வெக்கவும் சீட்டு, பொண்ணு கட்டவும் சீட்டு. நானும் அதைத்தான் பண்ணினேன். ரெண்டு படத்தையும் கவுத்து வெச்சு, கண்ணை மூடி, "ஆண்டவரே, மொதல்ல என் கை படறதை மேஸ்திரி சம்சாரம்னு எடுத்துக்கறேன், நீர் நடத்தும்"னு சொல்லிக் கையை நீட்டினேன். ஒரு படம் தட்டுப்பட்டுச்சு. எனக்கு ஒரு நிம்மதி பாருங்க! ஆண்டவரே சொல்லிட்டாருன்னு பாட்டு பாடிக்கிட்டே பச்சையைக் கொழைச்சேன். சேலை, ஜரிகை, காதுக்குத் தங்கம், நெத்திக்குக் குங்குமம், கழுத்துல மஞ்சக் கயிறு. ரொம்ப நாள் கழிச்சு மனசு நெறஞ்சு செஞ்ச வேலை அது.

படத்துக்குச் சட்டம் போடறவரு வந்து ரெண்டையும் வாங்கிட்டுப் போனாரு. பாய் ஊர்ல இல்ல. இருந்திருந்தாலும் பிரிச்சுப் பாத்திருக்க மாட்டாரு, என் மேல அவ்ளோ நம்பிக்கை. அணைக்கட்டுப் படம் காகிதம் சுத்தி அணைக்கட்டுக்குப் போய்ச் சேந்துச்சு.

அஞ்சாம் நாள் ஞாயித்துக்கிழமை. ஆராதனை முடிஞ்சு வந்து சோத்துல கை வெக்கறேன், வாசல்ல ஒரே சத்தம். கரீம் பாய் நிக்கறாரு, தோளே தொங்கிப் போயிருக்கு. கூட ஒரு பெரிய மனுஷன், கையில அந்தப் படம். அவருக்குப் பின்னாடி முக்காடு போட்டுக்கிட்டு ஒரு அம்மா. தெரு பூரா கூடிடுச்சு. எங்க வீட்டுக்காரரும் எழுந்து என் பக்கத்துல வந்து நின்னாரு.

"இன்னா வேலை இது? எங்க அண்ணன் செத்து இருவது வருஷம் ஆவுது. எங்க அண்ணிக்கு நீ தாலி கட்டி வுட்டிருக்கியே, யாரைக் கேட்டுக் கட்டுன? ஊரே கூடிச் சிரிக்குது!"ன்னு அவரு கத்தறாரு. கன்னியம்மாவோட கொழுந்தனாரு அவரு.

தப்பான படம்! ஆண்டவரே, உம்மைக் கேட்டுத்தானே எடுத்தேன்னு உள்ளுக்குள்ள கதறினேன். அப்பத்தான் கரீம் பாய் கையைக் கும்பிட்டு முன்னாடி வந்தாரு. "ஐயா, அந்தம்மா மேல தப்பில்ல. நான்தான் அவசரத்துல மாத்திச் சொல்லிட்டேன். எங்க வேணா, யார் முன்னாடி வேணா மன்னிப்புக் கேக்கறேன்"ன்னாரு.

சகோதரிகளே, அவரு சரியாத்தான் சொன்னாருன்னு அவருக்கே தெரியும். எனக்கும் தெரியும். என் மானத்தைக் காப்பாத்த அவரு தன் தலையைக் குடுக்கறாரு. நான் வாயைத் தெறக்காம இருந்தா போதும். என் வேலை தப்பிச்சுது, என் ரகசியமும் தப்பிச்சுது. ரெண்டு வருஷமா நான் கேட்ட ஜெபத்துக்கு அப்படியே அச்சுல வார்த்த பதில்! ஆனா அந்த மனுஷன் குனிஞ்சு கும்பிட்டது எனக்கு ஓரத்துல நல்லாத் தெரிஞ்சுது. அவரு தப்பே பண்ணாம யார் முன்னாடியும் குனியறவரு இல்ல.

"பாய் சரியாத்தான் சொன்னாரு. தப்பு என்னுது. எனக்குக் கண்ணு தெரியல"ன்னேன்.

கொழுந்தனாரு, "கண்ணு தெரியாதவளா கலர் போடறது?"ன்னு கேட்டாரு, ஆனா சத்தம் எறங்கிப் போச்சு. நான் வெக்கத்துல அங்கேயே மண்ணுல உக்காந்துட்டேன்.

அப்ப அந்த முக்காடு போட்ட அம்மா வந்து என் எதிர்ல உக்காந்தாங்க.

"தங்கச்சி, நீ தெரியாமத்தான் பொட்டு வெச்சியா?"

"தெரியாமத்தாங்க வெச்சேன். மன்னிச்சுக்கோங்க."

"தெரிஞ்சிருந்தா வெச்சிருப்பியா?"

"ஐயோ, எப்படிங்க வெப்பேன்? பயம் இருக்காதா?"

"அதான். தெரிஞ்சவங்க யாரும் வெக்க மாட்டாங்க"ன்னாங்க. அப்பறம் மெதுவா, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி சொன்னாங்க. "எம்புள்ள வவுத்துல ஏழு மாசம், அப்பவே அவங்கப்பன் போய்ட்டாரு. பொட்டு வெச்ச அம்மாவை அவன் பாத்ததே கெடையாது. சின்னப் புள்ளையா இருக்கும்போது, பொட்டு வெச்சா நீ எப்படி இருப்பேன்னு கேப்பான். நான் அடிச்சுட்டு அழுவேன். இப்ப ரங்கூனுக்கு வேலைக்குப் போறான். கையோட எடுத்துக்கினு போறேன்னு அவன் கேட்டதுக்குத்தான் இந்தப் படமே எடுத்தது."

அவங்க எழுந்து கொழுந்தனாரு கையில இருந்து படத்தை வாங்கினாங்க. "இது எம்புள்ளைக்கு. வீட்டுல மாட்டறதுக்கு நீங்க வேற படம் போட்டுக்கோங்க"ன்னாங்க.

"அண்ணி, ஊரு இன்னா சொல்லும்?"

"படம் ரங்கூனுக்குப் போவுது. ஊரு அங்கயும் வருமா?"

கூட்டத்துல யாரோ ஒரு பொம்பளை களுக்குனு சிரிச்சுட்டா. கொழுந்தனாரு துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தாரு. கன்னியம்மா படத்தை முக்காட்டுக்குள்ள வெச்சு அணைச்சுக்கிட்டுப் பின்னாடி போனாங்க. எனக்கு அழுகை நிக்கவே இல்ல.

ஆனா என் கஷ்டம் தீரலியே! பாய் ஒரு ஓரமா நின்னுக்கிட்டிருந்தாரு. "அந்த ஒத்தைக் கண்ணுப் படத்துல இருந்தா? ரெண்டு வருஷமாவா மார்த்தாம்மா?"ன்னாரு. ஆமான்னேன். "மேஸ்திரி சம்சாரம் படம் நல்லவேளையா இன்னும் கடையிலயே இருக்கு. வெள்ளைச் சேலையும் வெறும் நெத்தியுமா அது மட்டும் ஆம்பூர் போயிருந்தா, நம்ம ரெண்டு பேரையும் உயிரோட உரிச்சிருப்பாங்க"ன்னாரு. வேற ஆளைப் பாத்துக்கோங்க பாய்ன்னு நானே சொல்லிட்டேன். அவரு சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போய்ட்டாரு.

உள்ள வந்து வீட்டுக்காரர் முன்னாடி நின்னேன். திட்டுவாருன்னு பாத்தா, "எனக்கு முன்னாடியே தெரியும்"ன்னாரு. "அரிசியில கல்லு பொறுக்கறதை நீ வுட்டு எட்டு மாசம் ஆச்சு. நீ தண்ணிக்குப் போற நேரத்துல நான்தான் பொறுக்கி வெப்பேன். நீயா சொல்லட்டும்னு இருந்தேன்."

எனக்கு வந்த கோவம்! "சொல்லித் தொலைச்சா இன்னா மனுஷா, எட்டு மாசமா நான் ஒருத்தியா செத்துக்கிட்டு இருந்தேனே!"ன்னு கத்தினேன். "நீ சொல்லியிருந்தா?"ன்னு அவரு கேட்டாரு. ரெண்டு பேரும் அழுதோம். அன்னிக்குத்தான் ரெண்டு பேரும் சேந்து என் கண்ணுக்காக முழங்கால் போட்டோம். ரெண்டு வருஷத்துல அதுதான் மொதல் தடவை.

மூணு நாள் பாய் கிட்ட இருந்து ஒரு தகவலும் இல்ல. கிண்ணத்தையெல்லாம் கழுவிக் கவுத்தேன். நாலாம் நாள் வாசல்ல ஜட்கா வண்டி வந்து நின்னுச்சு. உள்ள பாயைக் காணோம், பெரிய துணிச் சுருட்டுதான் இருக்கு. அதுக்குப் பின்னாடி இருந்து பாய் எறங்கறாரு. ஸ்டூடியோவுல ஆளுங்களுக்குப் பின்னாடி தொங்கவிடுவாங்களே சீன் துணி, அது மழை ஒழுகி நாறிப் போச்சாம். "சின்னதுல தெரியலன்னா பெருசுல போடேன் மார்த்தாம்மா. எட்டு மொழம் துணி. இதுல நீ எதையும் தவறவிட முடியாது"ன்னாரு.

"உள்ளங்கையை விடப் பெரிசா நான் எதையும் வரைஞ்சதில்ல பாய், பேஜார் பண்ணாதீங்க"ன்னு சண்டை போட்டேன். அவரு கேக்கல. எங்க வீட்டுச் சுவரு பத்தாது. நம்ம சபை உபதேசியார் ஜெப வீட்டுப் பின்சுவரைக் குடுத்தாரு. துணியை ஆணி அடிச்சு மாட்டினாங்க. வெள்ளையடிக்கற மட்டையைக் கையில எடுத்துக்கிட்டு நின்னேன். மொத நாள் பூரா சும்மா நின்னேன்.

ரெண்டாம் நாள் ஒண்ணு புரிஞ்சுது. நேரா பாத்தா கறை ஒரு எடத்தை மறைக்குது. நான் ரெண்டு எட்டு நகந்து பக்கவாட்டுல பாத்தா, மறைஞ்சது வெளிய வருது, வேற ஒரு எடம் மறையுது. உள்ளங்கைப் படத்துல அந்தக் கறை ஒரு முகத்தையே முழுங்கிடும். எட்டு மொழத்துல அது ஒரு பூசணிக்காய் அளவுதான். அதைச் சுத்திச் சுத்தி நடந்து வரைஞ்சேன். ஆறு, அந்தாண்ட மலை, கல்படி, ரெண்டு தென்னை மரம், நெறைய மேகம். தென்னை ரெண்டும் கொஞ்சம் சாஞ்சு போச்சு. "அந்தப் பக்கம் காத்து ஜாஸ்தியா?"ன்னு பாய் கேட்டாரு. ஆமா, ஆத்தங்கரைன்னா காத்து அடிக்காதான்னேன். ஆனா காஞ்சதும் அவரே ஆணியைப் பிடுங்கி, துணியைச் சுருட்டி ஜட்காவுல ஏத்திக்கிட்டுப் போனாரு.

அந்தத் துணி முன்னாடி நின்னுதான் இப்ப வேலூர்ல கல்யாணம் ஆன ஜோடியெல்லாம் படம் எடுக்குது. அதைப் பாத்து வாணியம்பாடியில ஒருத்தரு கேட்டாரு, ஜோலார்பேட்டையில ரயில்காரங்க நாடகத்துக்குக் கேட்டாங்க. இது வரைக்கும் பதினோரு சீன் போட்டுட்டேன். மூக்குத்திக்குக் கலர் வெக்க இனி என்னால முடியாது. அதை நெனச்சா இன்னிக்கும் துக்கமாத்தான் இருக்கு. ஆனா இத்தனை பெரிய வானத்தை வரைவேன்னு நான் கனவுலயும் நெனச்சதில்ல.

ஆண்டவர் கிட்ட மூணு கேட்டேன். கண்ணைக் குடுன்னு கேட்டேன், குடுக்கல. வேலையை எடுக்காதேன்னு கேட்டேன், எடுக்கல. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு கேட்டேன். அதை மட்டும் அவரு தெருவே கூடி நிக்க, பட்டப்பகல்ல மறுத்துட்டாரு. அன்னிக்கு அவரு மறுக்கலன்னா நான் இன்னும் அந்தக் கிண்ணங்களுக்கு முன்னாடி நடுங்கிக்கிட்டுத்தான் உக்காந்திருப்பேன்.

பங்குனியில கன்னியம்மா வேர்க்கடலை எடுத்துக்கிட்டு வந்தாங்க. மவன் கிட்ட இருந்து காயிதம் வந்துச்சாம். அவங்களுக்குப் படிக்கத் தெரியாது, கொழுந்தனாருதான் படிச்சுக் காட்டினாராம். "அம்மா, நீ எவ்ளோ அழகா இருக்கே"ன்னு எழுதியிருந்தான். அதைக் கொழுந்தனாரு அவரு வாயாலயே படிச்சாராம். படிச்சுட்டு மூக்கை உறிஞ்சிக்கிட்டு வெளிய போய்ட்டாராம். சொல்லிட்டு அவங்க சிரிச்சாங்க.

டாக்டரம்மாவை மறுபடி பாத்தேன். இந்தத் தடவை வீட்டுக்காரரோட போனேன், பதிலைக் கேக்கறதுக்கு முன்னாடி எழுந்து ஓடல. ஓரமும் கொஞ்சம் கொஞ்சமா கம்மி ஆவலாம்னு சொன்னாங்க. பயமா இருக்கு. பயம் இல்லன்னு இந்த எடத்துல நின்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா இப்ப என் கண்ணுக்காக நான் ஒருத்தி மட்டும் கேக்கல. வீட்டுக்காரர் காலையில எழுந்ததும் கேக்கறாரு. பாய் அவரு தொழுகையில கேக்கறதா சொன்னாரு. கன்னியம்மா அவங்க ஊரு கோயில்ல கேக்கறாங்க. உபதேசியார் ஐயா, முகத்தைச் சுளிக்காதீங்க, நீங்க சுளிக்கறது எனக்கு ஓரத்துல தெரியுது.

உங்கள்ல யாராவது ஒருத்தி என்னை மாதிரி ஒண்ணைப் பொத்தி வெச்சுக்கிட்டு, யாருக்கும் தெரியாம பாத்துக்கும்னு ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கலாம். உன்னைத் தனியா அழவிடணும்னு ஆண்டவருக்கு ஆசை இல்லம்மா. அவரை நம்பி யார் கிட்டயாவது சொல்லிடு. கூட்டம் முடிஞ்சதும் நான் அந்த வேப்ப மரத்துக்குக் கீழே நிப்பேன். கிட்ட வந்து உன் பேரைச் சொல்லு, முகம் தெரியாது எனக்கு. என் கண்ணுக்காக நீ ஜெபம் பண்ணு. உனக்கு இன்னா வேணும்னு சொல்லு, நான் பண்றேன்.